பொன்னாச்சியின் முறை

ஊவா மாகாணத்திலே, அப்புத்தளை மலைத்தொடரின் தென்புறச் சரிவில், வெல்லவாயவை நோக்கி இறங்கும் சாலையோரமாகக் கொஸ்லந்தை என்னும் சிற்றூர் உள்ளது. அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களுள் ஒன்று மீரியபெத்த. இத்தகைய தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் முன்னோர் கடல் கடந்து வந்தபோது கையில் கொண்டுவந்த பொருள் சொற்பம். நெஞ்சில் கொண்டுவந்த கதைகளோ பல. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் மலையகத்தின் தலையாய கூத்துக்களாக இன்றும் போற்றப்படுகின்றன. இவற்றுள் பொன்னர் சங்கர் கதையிலே ஒரு சிறிய நாய் வருகிறது. பெரிய வீரர்களையும் பெரும் போர்களையும் பாடும் கதையில் அந்த நாய்க்குக் கிடைத்திருக்கும் இடம் சிந்திக்கத்தக்கது.

அதன் பெயர் பொன்னாச்சி. கொங்கு நாட்டில் பாடப்படும் வடிவத்திலே கதை இவ்வாறு செல்கிறது. வேட்டுவர் பக்கத்துப் பெரும்பன்றியாகிய கொம்பன், அண்ணன்மாரின் வயல்களைப் பாழாக்கிற்று. இளையவனாகிய சங்கர் வெகுண்டெழுந்து, ஆட்களையும் வேட்டை நாய்களையும் திரட்டிக்கொண்டு காட்டுக்குப் புறப்பட்டான். புறப்பட்ட ஆரவாரத்தில் அரண்மனையிலிருந்த பொன்னாச்சியை அழைக்க மறந்துவிட்டான். உருவத்தில் சிறியதாகிய அந்தப் பெட்டை நாயை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அதன் மனம் நொந்தது. நொந்த மனத்தின் விளைவாக வேட்டையும் தடைப்பட்டது. பெரிய நாய்களால் கொம்பனை வெல்ல முடியவில்லை. பிறகு தவற்றை உணர்ந்து ஆள் அனுப்பி அதனை வரவழைத்தனர். வந்த பொன்னாச்சி, பெரிய நாய்கள் நெருங்க இயலாத பன்றியின் அடிவயிற்றுப் பக்கமாக நுழைந்து கடித்தது. அதன் பின்னரே வேட்டை வீரர்களின் கைக்கு வசமாயிற்று.

கனடா நாட்டு மானிடவியலறிஞரான பிரெண்டா பெக், கொங்கு நாட்டிலே தங்கி ஆராய்ந்த காலத்தில், 1965 ஆம் ஆண்டில் இக்கதையைப் பாடகர் வாயிலாகக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். பிற்காலத்தில் அதனை நூலாகவும் உயிரோவியப் படத்தொடராகவும் வெளியிட்டார். ஊருக்கு ஊர் கதை மாறுபடும். பாடகருக்குப் பாடகரும் மாறுபடும். எனினும், துணைக்கு வரவேண்டிய நாயை மறந்ததனால் வேட்டை கெட்டது என்ற செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. ஏனெனில் இதே தவறு, இக்காலத்து இளைஞர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் புதுவகை ஆட்டம் ஒன்றிலே நாள்தோறும் நிகழ்ந்து வருகிறது.

அந்த ஆட்டத்தைத் தமிழிற் கதையாட்டம் எனலாம். நாலைந்து பேர் கூடுகின்றனர். அவர்களுள் ஒருவர் கதையை நடத்துபவர். கூத்துக்கு வாத்தியார் எப்படியோ அப்படி. மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கின்றனர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் மந்திரவாதி. நடத்துபவர் சூழ்நிலையைச் சொல்கிறார். ஆடுவோர் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கின்றனர். முயற்சி பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. தாயக்கட்டையைப் போன்ற நாற்பட்டைப் பகடை மட்டுமன்றி, இருபது முகமுள்ள பகடையும் இதில் உருளும். கூத்தில் முடிவு முன்பே தெரியும். அருச்சுனன் தவமரத்தில் ஏறினால் பாசுபதம் பெறாமல் இறங்கமாட்டான். கதையாட்டத்திலோ முடிவு எவருக்கும் தெரியாது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி 1974 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதே இவ்வகையில் அச்சேறிய முதல் ஆட்டம். இன்று இவ்வகை ஆட்டங்கள் பல உலகெங்கும் பரவியுள்ளன.

விலங்குகளை வைத்து ஆடுவது தமிழர்க்குப் புதிதன்று. ஆடு புலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் கூடிப் புலியை அசையவொட்டாமல் அடைக்கும். சிங்கள மக்களிடையே ஏழு சிறுத்தைகள் ஒரு புலியை வளைக்கும் ஆட்டமொன்று வழங்கியதை என்றி பார்க்கர் 1909 இல் வெளிவந்த தமது ‘பண்டைய இலங்கை’ என்னும் நூலில் குறித்துள்ளார். இலங்கைக் காட்டில் இன்று புலி இல்லை, சிறுத்தையே உண்டு என்பதை ஆட்டம் பொருட்படுத்துவதில்லை. இவ்வாட்டங்களில் நீதி என்பது கணக்கால் அமைந்தது. பலம் மிக்கது எண்ணிக்கையிற் குறைவு. பலம் குன்றியது எண்ணிக்கையில் மிகுதி. வெட்டுண்ட ஆட்டுக்காக எவரும் வருந்துவதில்லை, அது கூழாங்கல்லோ புளியங்கொட்டையோதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கதையாட்டத்தில் வரும் துணை விலங்கு அவ்வாறு வெறுங்காய் அன்று. அதற்குப் பெயர் உண்டு, பழக்கங்கள் உண்டு, அதனை வளர்த்த ஒருவர் மேசையில் அமர்ந்திருக்கிறார். ஆனால் தனக்காகப் பேச அதற்கென ஓர் ஆட்டக்காரர் இல்லை. அதன் உடைமையாளரும் கதை நடத்துபவரும் சேர்ந்தே அதன் வாயாக இருக்கவேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மீரியபெத்தவிலிருந்து பூனாகலைப் பக்கமாக மலையேறும் ஒரு கற்பனைப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். நால்வர் செல்கின்றனர். அவர்களுள் காடறிந்த வேட்டைக்காரர் ஒருவருக்கு மணி என்றொரு நாய். வழியில் கள்வர் மறிக்கின்றனர். மற்ற மூவருக்கும் ஒரு சுற்றில் ஒரு முறைதான் வரும். வேட்டைக்காரருக்கோ தம் வில்லுக்கு ஒன்று, மணியின் பல்லுக்கு ஒன்று என இரண்டு. பகடையை அவர் இருமுறை உருட்டும்போது மற்றவர் கைகட்டிக் காத்திருக்கின்றனர். சண்டையில் முறை மிகுதியாக உடைய பக்கமே பெரும்பாலும் வெல்லும் என்பது ஆட்டக் கணக்கறிந்தோர் யாவரும் ஒப்பிய உண்மை. ஆதலின், விலையின்றிக் கிடைக்கும் ஒரு நாய், பக்கத்தில் அமர்ந்திருக்கும் நண்பரின் பங்கை மெல்ல மெல்ல உண்டுவிடுகிறது. டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸின் மூன்றாம் பதிப்பு 2003 இல் திருத்தி வெளியிடப்பட்டபோது, வனத்துறவியின் துணை விலங்கு அவரோடு சேர்ந்து வளரும்படி விதி செய்திருந்தனர். துறவியின் கரடியே வாள்வீரருக்கு நிகராகப் போர் செய்யுமாயின் வாள்வீரர் எதற்கு என்று அக்காலத்து ஆட்டக்காரர் முறையிட்டனர். முறையீடு நியாயமானதே.

இதனைத் திருத்தப் புகுந்தவர்கள் மற்றோர் எல்லைக்குச் சென்றனர். 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில், துணை விலங்கு தாக்கவேண்டுமாயின் அதன் தலைவர் தம்முடைய செயலையே அதற்காகச் செலவிட்டுக் கட்டளையிடவேண்டும் என்று விதித்தனர். கட்டளை இல்லையேல் விலங்கு செயலற்று நிற்கும். கணக்கு நேராயிற்று, ஆனால் நாய் பொம்மையாயிற்று. லயத்து வாசலிலே படுத்திருக்கும் எந்த நாயாவது, தன்னை வளர்த்தவர் மேல் அயலான் கம்பை ஓங்கும்போது கட்டளைக்காகக் காத்து நிற்குமா? கணக்கை மட்டும் நோக்கி எழுதும் விதி இப்படித்தான் அமையும் போலும். குறைகூறல் மிகுந்தமையால், 2020 இல் வெளியான துணைநூலில் இதனை மாற்றினர். அதன்படி விலங்கு தானாக நகரும். ஆணை கிடைக்காவிடின் தாக்குதலைத் தவிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதனை ஏவுவதற்குத் தலைவர் தம் முதன்மைச் செயலை இழக்காமல், உபரியாக உள்ள சிறு செயலைச் செலவிட்டாற் போதும்.

‘பாத்ஃபைண்டர்’ என்னும் மற்றோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பு 2019 இல் வெளிவந்தது. அதில் கண்ட தீர்வு இன்னும் செப்பமானது எனலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு முறையில் மூன்று செயல்கள். அவற்றுள் ஒன்றைக் கொடுத்து விலங்கை ஏவினால், விலங்குக்கு இரண்டு செயல்கள் கிடைக்கும். ஆக, தலைவருக்கு இரண்டும் விலங்குக்கு இரண்டுமாக நான்கு. மற்றவரைவிட ஒன்றே மிகுதி. அதற்காகத் தம் செயலொன்றை அவர் இழந்துமிருக்கிறார். விலங்கு வளர்ந்து தேர்ந்தபின், ஏவாதபோதும் நகரவோ தாக்கவோ ஒரு செயலைத் தானே செய்யும். பழகிய நாய்க்குச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை என்ற உலகியலறிவு இவ்விதியிலே பொதிந்திருக்கிறது.

எனினும் கணக்கு எவ்வளவு செப்பமாயினும் அது பாதிக் காரியமே. மேசைகளில் பெரும்பாலும் நிகழ்வது வேறு. சண்டை வந்தால் மணி நினைவுக்கு வரும். சண்டை முடிந்ததும் மறந்துபோகும். ஆற்றைக் கடந்தபோது அது எப்படிக் கடந்தது? சத்திரத்தில் எங்கே படுத்தது? மூன்று நாளாக என்ன உண்டது? ஒருவரும் அறியார். எதிரி ஒருவன் மறைந்து நின்று தாக்கும்போது, ‘நாய் இருந்ததே, மோப்பம் பிடித்திருக்குமே’ என்று உடைமையாளர் அப்போதுதான் நினைவூட்டுவார். கதை நடத்துபவருக்குச் சங்கடம். அவர் அந்தச் சங்கடத்தை நாயின் மேலேயே தீர்த்துக்கொள்வதும் உண்டு.

பொன்னாச்சியின் கதை இங்கே துணைசெய்கிறது. அது கொம்பனை வென்றது உடல் வலிமையால் அன்று. பெரிய நாய்கள் செய்ய இயலாத ஒன்றை அதன் சிற்றுருவம் செய்தது. துணை விலங்கின் சிறப்பு அது எத்தனை காயம் உண்டாக்கும் என்ற எண்ணில் இல்லை. மனிதரால் இயலாததை அறிவதிலும் செய்வதிலுமே இருக்கிறது. மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையில் கேட்கும். நாயின் செவி 40,000 க்கும் மேலே கேட்கும். மோப்பத்திலோ ஒப்பிடவே இயலாது. இதனை நடத்துபவர் முன்கூட்டியே தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டால், ‘மணி காதை நிமிர்த்துகிறது, மூங்கிற் புதர்ப் பக்கம் பார்த்து உறுமுகிறது’ என்று தாமாகவே சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தால் நாய் உயிர்பெறுகிறது. வேட்டைக்காரருக்குப் பெருமை உண்டாகிறது. மற்றவர் முறையும் களவுபோவதில்லை. காதை நிமிர்த்துவதற்குப் பகடை உருட்டத் தேவையும் இல்லை.

சுமை விலங்குகளின் நிலை இதனினும் பரிதாபம். கதையாட்டத்தில் கோவேறு கழுதை என்பது அடியில்லாப் பையாகவே நடத்தப்படுகிறது. கிடைத்த பொன்னெல்லாம் அதன் முதுகில். குகை வாயிலில் கட்டிவிட்டு உள்ளே போனால் ஒரு வாரம் கழித்தும் அதே இடத்தில் நிற்கும்! ஊவா மலைநாட்டில் இப்படி நினைப்பதற்கு இடமில்லை. 1924 இல் இருப்புப்பாதை பதுளையை எட்டுவதற்கு முன்னே, பொதிமாடுகளின் வரிசைகள் இம்மலைகளில் ஏறியிறங்கின. தவளம் என்பது அதற்குப் பெயர். மாட்டுக்கு இவ்வளவுதான் பொதி என்ற வரையறை, இறக்கி இளைப்பாற்றும் இடம், புல்லும் நீரும் உள்ள தங்கல் ஆகியவற்றைத் தவளக்காரன் அறிந்திருந்தான். அறியாதவனுடைய மாடு பாதிவழியில் படுத்துவிடும், அவனுடைய வாணிகமும் அங்கேயே படுத்துவிடும். கதை நடத்துபவர் தவளக்காரனின் கண்ணோடு நோக்கினால், ஒரு மலைக்கணவாயைக் கடப்பதே ஒரு மாலைப்பொழுதுக்குப் போதிய ஆட்டமாகும்.

விலங்குக்கு அஞ்சவும் உரிமை உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டிலே கோம்பை நாய்கள் பன்றி வேட்டைக்குப் பேர்போனவை. அவையும் பழக்கியபின்பே பன்றியின் முன் நிற்கும். நேற்றுத் தெருவில் எடுத்த குட்டியை இன்று பூதத்தின் மேல் ஏவினால், அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதே முறை. உடைமையாளருக்கு அது ஏமாற்றமாகலாம். ஆனால் அந்த ஏமாற்றத்திலிருந்துதான் பழக்குதலும் நம்பிக்கையும் பிறக்கின்றன. பத்து நாள் கழித்து அதே நாய் ஓடாமல் நிற்கும்போது மேசையே மகிழ்கிறது.

இனி, துணை விலங்கின் சாவு. இது எளிதிற் பேசக்கூடியதன்று. சில ஆட்டங்களில் இதற்கு விலை மிக மலிவு. மந்திரவாதியின் ஏவல் விலங்கு மடிந்தால் பத்துப் பொற்காசுப் பெறுமதியுள்ள பொருள்களை எரித்து மீண்டும் அழைத்துக்கொள்ளலாம். அது உண்மையில் விலங்குருக் கொண்ட ஆவியே என்று நூல் சமாதானம் கூறுகிறது. அதனால் வாசல்தோறும் பொறி உண்டா என்று பார்க்க அந்த ஆந்தையை முன்னே அனுப்புவது வழக்கமாகிவிட்டது. விதி அதனைத் தடுக்கவில்லை. ஆனால் பத்தாவது ஆந்தை செத்தபின் மேசையில் எவரும் சிரிப்பதில்லை, கதையும் சலித்துவிடுகிறது. மறுபக்கத்தில், ஆட்டக்காரரைக் கலங்கவைப்பதற்கென்றே நாயைக் கொல்லும் கதைநடத்துநரும் உண்டு. கண்ணீர் வரவழைக்க இதனினும் எளிய வழி இல்லை. எளிது என்பதே அதன் குற்றம்.

மீரியபெத்தவின் பெயர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது ஒரு துயரத்தால். 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலையில், பெருமழைக்குப்பின் மலைச்சரிவு பெயர்ந்து வந்து லயங்களை மூடிற்று. பலர் மண்ணுள் மறைந்தனர். பள்ளிக்குச் சென்றிருந்தமையால் உயிர்தப்பிய பிள்ளைகள் திரும்பியபோது வீடிருந்த இடம் சேறாகக் கிடந்தது. அவ்விடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் போக்கிடம் இல்லாதவர்களாக மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். அன்று பள்ளிச் சிறுவராயிருந்தோர் இன்று இளைஞர். பதுளையிலோ பண்டாரவளையிலோ கொழும்பிலோ கூடும் ஒரு மேசையில் அவர்களுள் ஒருவர் அமர்ந்திருக்கக்கூடும். மலைச்சாலையில் மழை பெய்வதாகக் கதை தொடங்கும்போது, அந்த மழை அவருக்கு வெறும் கதையன்று. கதை நடத்துபவர் சுவைக்காக மண்சரிவை வரவழைத்து, அதில் அவருடைய நாயைப் புதைப்பாராயின், அது விதிப்படி சரியாயிருக்கலாம், முறைப்படி சரியாகாது.

பண்பட்ட மேசைகளில், ஆட்டம் தொடங்கும் முன்னே ஒருநாள் கூடி, எவை வரலாம், எவை வரவேண்டாம் என்று கேட்டறிந்துகொள்கின்றனர். துணை விலங்கு சாகலாமா என்ற கேள்வியை அன்றே கேட்டுவிடுவது நலம். சிலர் ‘சாகலாம், ஆனால் காரணமின்றி வேண்டாம்’ என்பர். சிலர் ‘காயப்படட்டும், ஓடட்டும், சாகவேண்டாம்’ என்பர். இரண்டும் ஏற்கத்தக்கனவே. சாவு உண்டு என்று ஒப்பிய இடத்திலும் முன்னறிகுறி தரவேண்டும். மலை சரியுமுன் நிலத்தில் வெடிப்புக் காணும், மரங்கள் சாயும், தெளிந்த ஊற்று கலங்கி வரும். மலைநாட்டார் அறிந்த இவ்வடையாளங்களை ஒவ்வொன்றாகக் கதையில் வைத்து, விலகிச் செல்ல வழியும் வைத்து, அதன்பின்னும் ஆட்டக்காரர் முன்னேறினால், விளைவது அவர் தேர்ந்தது. வழியே வைக்காமல் அறிகுறி மட்டும் காட்டுவது நேர்மையாகாது. அதன் கொடுமையை மீரியபெத்த அறியும்.

மகாபாரதத்தின் முடிவிலே, நெடும்பயணத்தில் தம்பியரும் திரௌபதியும் ஒவ்வொருவராக வீழ்ந்தபின், தருமபுத்திரனோடு எஞ்சியது ஒரு நாய். தேவலோகத்துத் தேர் வந்தபோது நாய்க்கு இடமில்லை என்றனர். அடைக்கலமாக வந்ததை விட்டு ஏறேன் என்று அவன் மறுத்தான். நாய் அறக்கடவுளே என்பது பின்பு தெரியவந்தது. ஆனால் மறுத்த கணத்தில் அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு அது நாய்தான். இவ்வகைத் தருணமொன்றைக் கதையாட்டத்தில் நடத்துபவர் உண்டாக்கலாம். நாயை விட்டுவிட்டால் எளிதில் வெல்லலாம், விடாவிட்டால் வழி நீளும் என்ற நிலை. அதில் நாய் சாகவேண்டியதில்லை. ஆட்டக்காரர் என்ன செய்வார் என்பதைப் பார்ப்பதற்கே மற்றவர் மூச்சடக்கிக் காத்திருப்பர்.

நடைமுறையில் வேண்டுவன சிறு காரியங்களே. மணிக்கெனத் தனித்தாள் ஒன்று. அதில் பெயர், வயது, அஞ்சுவது, விரும்புவது, அறிந்த கட்டளைகள். சண்டையில் அதன் பகடையை உருட்டும் பொறுப்பை அன்று முறை குறைவாகக் கிடைத்த நண்பரிடம் கொடுத்துவிடலாம். உடைமையாளர் ஏவுவார், நண்பர் உருட்டுவார். நாய் நால்வருக்கும் உறவாகிவிடும். எனக்கு ஒன்று, அவருக்கு இரண்டு என்ற மனக்குறையும் தணியும். பலமுறை ஆடிய மேசைகள் இவ்வழக்கத்தை விரும்புவதில் வியப்பில்லை.

இன்னொன்று எஞ்சியுள்ளது. வேட்டைக்காரராக ஆடுபவர் ஒருநாள் வேலை காரணமாக வரவில்லை. அன்று மணி எங்கே? பெரும்பாலான மேசைகளில் அவரோடு நாயும் காற்றிற் கரைந்துவிடுகிறது. அடுத்த வாரம் இருவரும் ஒன்றும் நடவாததுபோல் தோன்றுகின்றனர். அவ்வாறின்றி, ‘வேட்டைக்காரருக்குக் காய்ச்சல், மணி அவர் கட்டிலடியில் காவல் கிடக்கிறது, உங்களோடு வர அழைத்தும் வரவில்லை’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு அன்றைய கதையைத் தொடங்கலாம். அதற்கு ஒரு நிமிடமும் பிடிக்காது. கொம்பனை வேட்டையாடப் புறப்பட்ட அன்று, சங்கர் பொன்னாச்சியிடம் சொல்லாமற் போனதும் அதுபோன்ற ஒரு வரிதான்.